வீட்டு சவுண்டு செட்: "இது போதும்" என்று எப்போது முடிவு செய்வது?

கடையில் கேட்கும்போது எந்த செட்டும் பிரமாதமாகத்தான் இருக்கும். அங்கே பேஸும் (அடி ஒலி) ட்ரெபிளும் (உச்ச ஒலி) முக்கால் திருப்புக்கு மேலே நிற்கும், வால்யூம் வீட்டில் யாரும் வைக்காத அளவில் ஓடும். இரண்டு செட்டை அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதுதான் "தெளிவாக இருக்கு" என்று தோன்றும். சத்தம் கூடியிருக்கிறது என்பது காதுக்குத் தெரியவே தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பிரமாதம் காணாமல் போகும். பிறகு ஆம்ப்ளிஃபயர் போர்டை மாற்று, ஊஃபரை (பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கரை) மாற்று, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு ஒரு நடை போய் வா என்று செலவு இழுத்துக்கொண்டே போகும்.

இந்தச் செலவு நிற்க வேண்டுமானால் கேட்கும் கேள்வியை மாற்ற வேண்டும். நாம் வழக்கமாக உட்காரும் இடத்தில் எது உறுத்துகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு உறுத்தலுக்கும் ஒரு காரணம் உண்டு. பாதிக்கு மேல் காசில்லாமலே சரியாகும். உறுத்த ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அந்த செட் போதும், விலை என்னவாக இருந்தாலும்.

சோதிக்கும் முன்

பல வருடமாகக் கேட்டுப் பழகிய நான்கு பதிவுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பின்னணி இசை இல்லாத பேச்சு. வானொலிச் செய்தி நல்ல தேர்வு. இரண்டாவது, பேஸ் கிட்டார் ஏறி இறங்கி நடக்கும் எண்பதுகளின் திரைப்பாடல். மூன்றாவது, பம்பை உடுக்கையோ நாதஸ்வரம் தவிலோ உள்ள பதிவு. நான்காவது, எல்லாக் கருவிகளும் ஒன்றாகச் சேர்ந்து நெரிசலாக ஒலிக்கும் புதுப்பாட்டு. சி.டி.யோ 320 கேபிபிஎஸ் எம்பி3யோ இருந்தால் போதும். யாரோ டேப்பிலிருந்து எடுத்து நெட்டில் ஏற்றிய பதிவை வைத்து செட்டைக் குறை சொல்லக்கூடாது.

பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் நடுவில் நிற்கட்டும். பேஸ் பூஸ்ட், 3டி, சரவுண்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். போனில் இரண்டு இலவசச் செயலிகள் தேவை: ஒரு டோன் ஜெனரேட்டர், ஒரு டெசிபல் மீட்டர். போன் மீட்டர் காட்டும் எண் சில டெசிபல் முன்பின் இருக்கலாம். ஆனால் ஒரே போனை ஒரே இடத்தில் வைத்து இரண்டு நிலைகளை ஒப்பிட அது தாராளமாகப் போதும். நாற்காலியில் உட்கார்ந்து சராசரி 70 முதல் 75 டெசிபல் வருமாறு வால்யூமை வையுங்கள். வீட்டில் நிதானமாகப் பாட்டுக் கேட்கும் அளவு அதுதான்.

சீலிங் ஃபேனை முதலில் நிறுத்திவிட்டு ஒரு முறை, மூன்றாம் எண்ணில் ஓடவிட்டு ஒரு முறை கேளுங்கள். ஏப்ரல், மே மாதத் தர்மபுரி வெயிலில் ஃபேன் இல்லாமல் யாரும் பாட்டுக் கேட்கப்போவதில்லை. ஃபேன் இரைச்சலில் மறைந்துபோகும் நுணுக்கத்துக்காகப் பத்தாயிரம் ரூபாய் செலவழிப்பது வீண்.

குரல்

முதல் சோதனை பேச்சில்தான். போனின் அணுகல்தன்மை அமைப்பில் "மோனோ ஆடியோ" இருக்கும். அதைப் போட்டுவிட்டு செய்தியை ஓடவிடுங்கள். இரண்டு பாக்ஸுக்கும் நடுவே, காலியான இடத்தில் ஆள் உட்கார்ந்து பேசுவதுபோல் குரல் ஒரே புள்ளியிலிருந்து வர வேண்டும்.

குரல் எங்கிருந்து வருகிறது என்றே சொல்ல முடியாமல் பரவிக் கிடந்தால், பேஸும் சேர்ந்து குறைந்திருந்தால், ஒரு பாக்ஸில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது. ஒரு பக்கத்து ஒயரை மட்டும் மாற்றிப் போட்டுக் கேளுங்கள்; பேஸ் கூடுதலாக வருவதுதான் சரியான இணைப்பு. ஊஃபரிலேயே குறி அழிந்துபோயிருந்தால் 1.5 வோல்ட் பேட்டரியைக் கண நேரம் தொடுங்கள். பேட்டரியின் பிளஸ் படும் முனை பிளஸ்ஸாக இருந்தால் கோன் (ஊஃபரின் கூம்பு) வெளியே தள்ளும். உச்ச ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள்.

குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் முதலில் டேப்பை எடுத்து நாற்காலியிலிருந்து இரண்டு பாக்ஸுக்கும் தூரம் ஒன்றா என்று அளந்து பாருங்கள். தூரம் சரியாக இருந்தால் ட்வீட்டரைச் சந்தேகியுங்கள். பாட்டு ஓடும்போது உள்ளங்கையால் ட்வீட்டரை மூடுங்கள். மூடியும் திறந்தும் ஒலியில் வித்தியாசமே இல்லையென்றால் அது எரிந்துபோயிற்று. பல வீடுகளில் மாதக்கணக்கில் ஒரு பக்க ட்வீட்டர் இல்லாமலே செட் ஓடிக்கொண்டிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அடுத்து தெளிவு. செய்தி வாசிப்பவர் சொல்லும் ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகப் பிரிந்து கேட்கிறதா? இந்த மூன்றையும் பிரித்துக் காட்டும் ஒலிப்பகுதி ஏறக்குறைய 1500 முதல் 3000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. மின்சாரக் கடையில் செய்து விற்கும் டவர் பாக்ஸ்களில் பெரும்பாலும் அடிபடுவது இதுவும் இதற்கு மேலே உள்ள பகுதியும்தான். காரணம் சின்னது. உள்ளே 8 அங்குல ஊஃபர் ஒன்று, ட்வீட்டர் ஒன்று, நடுவே 2.2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, அவ்வளவுதான் கிராஸ்ஓவர் (ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி). 8 ஓம் ட்வீட்டருக்கு 2.2 போட்டால் அது சுமார் 9000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் முழுதாக வேலை செய்யும். 8 அங்குல ஊஃபரோ 2000, 3000ஐத் தாண்டினால் நேர் எதிரே உட்கார்ந்தவருக்கு மட்டும்தான் ஒலியை அனுப்பும். நடுவில் பெரிய பள்ளம். அதனால்தான் "சல் சல்" என்று சலங்கை கேட்கும், வார்த்தை புரியாது.

அங்கே ட்ரெபிளைக் கூட்டினால் பள்ளம் நிரம்பாது, சலங்கைதான் இன்னும் கூடும். 2.2ஐ எடுத்துவிட்டு 4.7 மைக்ரோஃபாரட் நான்-போலார் கெப்பாசிட்டர் போட்டால் ட்வீட்டர் சுமார் 4200 ஹெர்ட்ஸிலிருந்தே சேர்ந்துகொள்ளும். ட்வீட்டர் டோம் வகையாக (நடுவில் குவிந்த சின்னத் திரை உள்ளது) இருந்தால் செய்யலாம். பீசோ ட்வீட்டருக்கு (சுருளுக்குப் பதில் படிகத் தகடு அதிரும் வகை) இந்தக் கணக்கு பொருந்தாது. அதை எடுத்துவிட்டு டோம் போடுவதே நல்லது. சில நூறு ரூபாய் வேலை, ஆனால் புது ஆம்ப்ளிஃபயர் வாங்கினாலும் கிடைக்காத தெளிவு இதில் கிடைக்கும்.

ட்வீட்டர் உட்கார்ந்தவர் காது உயரத்தில், அதாவது தரையிலிருந்து 90 முதல் 100 சென்டிமீட்டரில் இருக்கட்டும். ஷோகேஸ் மேல்தட்டில் ஏற்றி வைத்த பாக்ஸ் கூரைக்குத்தான் பாடும். இரண்டு பாக்ஸுக்கும் இடையே உள்ள தூரமும் ஒவ்வொன்றிலிருந்தும் உங்களுக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருந்தால் நல்லது. ஹால் இடம் கொடுத்தால் 7 அடி முக்கோணம் நன்றாக அமையும்.

அறைதான் பாதி செட்

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் கிரானைட் உள்ளூரிலேயே வெட்டி எடுப்பதால் அதை ஹாலுக்குத் தரையாகப் போட்ட வீடுகள் உண்டு. கிரானைட் தரை, பூசிய சுவர், கான்கிரீட் கூரை மூன்றும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு ஐந்து பங்கைக்கூட உறிஞ்சாது. 14க்கு 11 அடி, 10 அடி உயரம் உள்ள வெறும் ஹாலில் ஒரு ஒலி அடங்க 2 வினாடி வரை ஆகும். பாட்டுக் கேட்க அது அரை வினாடிக்குள் அடங்க வேண்டும். ஹால் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். தட்டிய பின் "டிர்ர்" என்று உலோகம் அதிர்வதுபோல் ஒரு வால் கேட்டால், எதிரெதிர் வெற்றுச் சுவர்களுக்கு நடுவே ஒலி பந்தாடிக்கொண்டிருக்கிறது.

சரிசெய்ய இந்த ஹாலுக்கு 15 சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சும் பரப்பு வேண்டும். துணி சோபா, மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனமான திரை, தரையில் ஜமுக்காளம், உட்கார்ந்திருக்கும் ஆட்கள் எல்லாமே கணக்கில் சேரும். எஞ்சியதற்கு 2 அங்குல ராக்வூல் (கல் நார்) பலகையைப் பருத்தித் துணியில் சுற்றிப் பக்கச் சுவரில் மாட்டலாம். எங்கே மாட்டுவது? நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள், இன்னொருவர் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்தட்டும். கண்ணாடியில் உங்களுக்கு ட்வீட்டர் தெரியும் இடம்தான் பலகைக்கான இடம். முட்டை அட்டையும் அரை அங்குல ஸ்பாஞ்சும் உச்ச ஒலிகளை மட்டும் தின்னும். அறை மந்தமாகும், எதிரொலியின் அடிப்பகுதி அப்படியே நிற்கும்.

ஓட்டு வீட்டில் கதை வேறு. கூரை சாய்வாக இருப்பதால் எதிரொலி குறைவு, பேஸ் ஓட்டு இடுக்கு வழியே வெளியே போய்விடும். அங்கே பாக்ஸைச் சுவரிலிருந்து அரை அடிக்குள் தள்ளி வையுங்கள், பேஸ் கூடும். கான்கிரீட் வீட்டில் அதே பாக்ஸை 2 அடி முன்னே இழுக்க வேண்டியிருக்கும்.

பேஸ் எப்படி இருக்க வேண்டும்

கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும் பின்னர் ஹார்மன் ஆடியோ நிறுவனத்திலும் ஒலி ஆராய்ச்சியாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஓலிவும் நடத்திய சோதனைகளில், ஸ்பீக்கர் எது என்று கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து வைத்துக் கேட்க வைத்தார்கள். கேட்டவர்களின் விருப்பத்தைத் தீர்மானித்ததில் சுமார் 30 விழுக்காடு பேஸின் பங்கு. அதனால் இதில் நேரம் செலவழிப்பது தகும். ஆனால் வீட்டில் பேஸை ஆட்டி வைப்பது பெரும்பாலும் அறையின் அளவுதான்.

565ஐ அறையின் நீளத்தால் (அடியில்) வகுங்கள். 14 அடிக்கு 40 ஹெர்ட்ஸ், 11 அடி அகலத்துக்கு 51, 10 அடி உயரத்துக்கு 56 என்று வரும். அந்தந்த ஹெர்ட்ஸில் அறையே சேர்ந்து ஒலிக்கும். சுவர் ஓரத்தில் அது மிக அதிகமாகவும், அறையின் சரிபாதியில் ஏறக்குறைய இல்லாமலும் இருக்கும். 10க்கு 10 அறை 10 அடி உயரமும் இருந்தால் மூன்றும் 56இல் வந்து குவியும். அந்த அறையில் எந்த சப் ஊஃபரை (பேஸுக்கென்றே உள்ள தனிப் பெட்டி) வைத்தாலும் ஒரே சுரம் "பூம்" என்று நிற்கும், மற்றவை அமுங்கும்.

டோன் ஜெனரேட்டரில் 40, 50, 63, 80, 100, 125 என்று ஒவ்வொன்றாக ஒரே அளவில் ஒலிக்கவிடுங்கள். கீழே போகப் போகக் காதுக்குக் கொஞ்சம் குறைவாகத் தோன்றுவது இயல்பு. ஒன்று மட்டும் திடீரென எகிறினாலோ, ஒன்று காணாமலே போனாலோ நாற்காலியை நகர்த்துங்கள். சுவரில் முதுகை ஒட்டியும் வேண்டாம், அறையின் நடுவிலும் வேண்டாம். 14 அடி நீளமுள்ள ஹாலில் பின்சுவரிலிருந்து 5 அடி அளவில் தொடங்கி, அரை அரை அடியாக நகர்த்திப் பாருங்கள்.

சப் ஊஃபர் வைத்திருப்பவர்கள் தலைகீழாகச் செய்யலாம். சப் ஊஃபரை நாற்காலி மேல் தூக்கி வைத்து பேஸ் கிட்டார் பாட்டை ஓடவிட்டு, நீங்கள் சுவர் ஓரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். காது தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்க வேண்டும். ஏறும் சுரமும் இறங்கும் சுரமும் ஒரே அளவாகக் கேட்கும் இடத்தில் சப் ஊஃபரை வையுங்கள். கிராஸ்ஓவர் குமிழ் 80 ஹெர்ட்ஸில் நிற்கட்டும். அதற்குக் கீழே உள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் சொல்ல முடியாது. பிறகு 80 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு சப் ஊஃபரில் உள்ள 0, 180 ஃபேஸ் ஸ்விட்சை மாற்றிப் பார்த்து, சத்தம் கூடுதலாக வரும் பக்கத்தில் விட்டுவிடுங்கள். சின்ன 2.1 செட் (இரண்டு பாக்ஸ், ஒரு சப் ஊஃபர்) என்றால் கவனம்: 3 அங்குலப் பாக்ஸ்களால் 150, 200க்குக் கீழே போக முடியாது, ஆண் குரலின் அடிப்பகுதி சப் ஊஃபரிலிருந்துதான் வரும். அதை மூலையில் வைத்தால் பேசுபவர் மூலையில் போய் நிற்பார். டி.வி.க்குக் கீழே, இரண்டு பாக்ஸுக்கும் நடுவில் வையுங்கள்.

அளவு சரியா என்று பார்க்க, சப் ஊஃபரை அணையுங்கள். அணைத்தபோதுதான் அது இவ்வளவு நேரம் வேலை செய்தது தெரிய வேண்டும். செய்தி வாசிப்பவர் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் இருந்தால் அளவு அதிகம். பம்பையில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழ வேண்டும். முந்தைய அடியின் வால் அடுத்த அடியை மூடினால் அப்போதும் குறைக்க வேண்டும். திருவிழா மைக் செட் மாதிரி நெஞ்சில் இடிக்கவில்லையே என்று நினைக்க வேண்டாம். திறந்த வெளிக்காகக் கட்டியதை 150 சதுர அடி ஹாலோடு ஒப்பிடக்கூடாது.

அதிரும் சாமான்கள்

ஜெனரேட்டரில் 30இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். எங்கேயாவது "கிர்" என்று சத்தம் வரும். ஊஃபர் கிழிந்துவிட்டது என்று பலரும் பயப்படுவது இதைக் கேட்டுத்தான். ஏற்றத்தை அந்த எண்ணிலேயே நிறுத்திவிட்டு எழுந்து போய் ஒவ்வொன்றாகக் கையால் அழுத்துங்கள்: பீரோ கதவு, பீரோ மேலே வைத்த சூட்கேஸின் கைப்பிடி, ஷோகேஸ் கண்ணாடி, உள்ளே ஒன்றையொன்று தொட்டு நிற்கும் எவர்சில்வர் டம்ளர்கள், ஜன்னல் கொக்கி, ஃபேன் கப். அழுத்தியதும் நின்றால் அதுதான். கதவு இடுக்கில் ரப்பர் துண்டு, டம்ளருக்கு அடியில் துணி. எதை அழுத்தியும் நிற்காமல் பாக்ஸிலிருந்தே வந்தால் மட்டும் திருகுகளையும் ஊஃபரையும் பாருங்கள்.

ஹம்மிங்

பாட்டு இல்லாமல் வால்யூமைச் சுழியத்தில் வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் எதுவும் கேட்கக்கூடாது. ட்வீட்டரோடு காதை ஒட்டினால் மெல்லிய "ஸ்ஸ்" கேட்பது பரவாயில்லை. சுழியத்திலேயே "ம்ம்ம்" என்று இரைந்தால் கோளாறு ஆம்ப்ளிஃபயருக்குள்ளே இருக்கிறது: ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும், அல்லது அசெம்பிள் செய்தவர் 4700 மைக்ரோஃபாரட் வர வேண்டிய இடத்தில் 1000 போட்டிருப்பார். வால்யூமோடு சேர்ந்து கூடினால் வெளியிலிருந்து வருகிறது. ஆடியோ ஒயரைப் பிடுங்குங்கள். நின்றால் அதை மறுபடி சொருகி, செட்டாப் பாக்ஸின் கேபிள் ஒயரை மட்டும் கழற்றிப் பாருங்கள். இப்போதும் நின்றுவிட்டால் கேபிளின் எர்த்தும் வீட்டு எர்த்தும் வளையமாகச் சேர்ந்திருக்கின்றன. டி.வி.யிலிருந்து ஆப்டிகல் ஒயர் (மின்சாரத்துக்குப் பதில் ஒளியை அனுப்புவது) போட்டால் வளையம் அறும். ஹம் போக வேண்டும் என்று மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை உடைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் லீக்கானால் இரும்புப் பெட்டியில் கை வைத்தவர் உயிர் போகும்.

எத்தனை வாட்

பெட்டியில் எழுதிய பிஎம்பிஓ (விளம்பரத்துக்காகப் பெருக்கிக் காட்டும் வாட்) எண்ணைப் பார்க்க வேண்டாம். அசெம்பிள் செட்டில் டிரான்ஸ்ஃபார்மர்தான் உண்மையைச் சொல்லும். 12-0-12 வோல்ட் இருந்தால் போர்டில் எந்த ஐசி இருந்தாலும் 8 ஓமில் பக்கத்துக்கு 10 வாட் அளவுதான் வரும். டிடிஏ 7294 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐசிக்கு 24-0-24 வோல்ட் கொடுத்தால் 45 வாட் அளவுக்கு வரும். 87 டெசிபல் திறனுள்ள (ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தள்ளி 87 டெசிபல் தரும்) பாக்ஸ் இரண்டு 8 அடி தள்ளி இருந்தால், பக்கத்துக்கு 10 வாட்டிலேயே நாற்காலியில் உச்சம் 94 டெசிபலைத் தொடும். ஹாலுக்கு அசல் 30, 40 வாட் தாராளம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே.

பம்பு செட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 230லிருந்து 180க்கு இறங்கும் ஊர்களில், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப்ளிஃபயர் தன் வாட்டில் 60 விழுக்காடுதான் தரும். சாயங்காலம் மட்டும் பாட்டு கரகரவென்று இருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். நெரிசலான பாட்டை நீங்கள் வைக்கும் அதிகபட்ச அளவில் ஓடவிடுங்கள். உச்சமான இடங்கள் மட்டும் சொரசொரப்பானால் ஆம்ப்ளிஃபயர் திணறுகிறது. ட்வீட்டரை எரிப்பதும் இந்தத் திணறல்தான். ஒயருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, 10 மீட்டர் வரை போதும். அதற்கு மேல் விலை கொடுப்பதில் பயனில்லை.

நிறுத்துமிடம்

மேலே சொன்னவை முடிந்ததும் இரண்டு சோதனைகள் மிஞ்சும். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு வைக்கும் குறைந்த அளவில் வசனம் ஒவ்வொன்றும் புரிய வேண்டும். அந்த அளவில் பேஸ் குறைவாகத் தெரிவது காதின் இயல்பு. லவுட்னஸ் பொத்தான் இருப்பது அதற்காகத்தான், தயங்காமல் போடுங்கள். மற்றொன்று, 75 டெசிபலில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து கேட்ட பிறகும் வால்யூமைக் குறைக்கக் கை போகக்கூடாது. காது குடைந்தால் ட்ரெபிளை ஒரு கோடு குறைத்து மறுநாள் கேளுங்கள்.

இரண்டிலும் தேறிவிட்டால் புதுப்பொருளுக்கு ஒரே ஒரு வாசல்தான் வையுங்கள். கடைக்காரரிடமோ தெரிந்தவரிடமோ அதை ஒரு வாரத்துக்கு வாங்கி வாருங்கள். நாற்காலியில் போன் மீட்டரை வைத்துப் பழையதும் புதியதும் அரை டெசிபலுக்குள் ஒரே சத்தம் தருமாறு சரிசெய்யுங்கள். எது ஓடுகிறது என்று சொல்லாமல் வேறொருவர் மாற்றட்டும், நீங்கள் திரும்பி உட்கார்ந்து பத்து முறை சொல்லிப் பாருங்கள். ஒன்பது முறையாவது சரியாகச் சொல்ல முடிந்து, அது பிடித்தும் இருந்தால் வாங்குங்கள். ஐந்தாறு முறைதான் சரி என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குமிழ்களின் நிலையை மார்க்கரால் கோடிட்டு, பாக்ஸ் நின்ற இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிட்டால், வீடு கூட்டும்போது நகர்ந்தாலும் திரும்ப வைக்கலாம். வருடத்துக்கொரு முறை ஊஃபரின் கிரில்லைக் கழற்றி, கோனைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஃபோம் வளையம் பழசானால் பொடியாக உதிரும், ரப்பர் வளையம் நீண்ட நாள் வரும். உதிர்ந்திருந்தால் வளையத்தை மட்டும் மாற்றித் தரும் ஸ்பீக்கர் ரிப்பேர்காரரிடம் கொடுங்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் பேஸ் ஒரு பக்கம் சாயும்.